நிராகரிப்புகளுக்கு நடுவே எழுந்த குவிமாடம்

லண்டன் நகரம் நான்கு நாள்களில் எரிந்துபோயிற்று. அதன் தலைமைப் பேராலயத்தை மீண்டும் எழுப்பி முடிக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1666 செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் புட்டிங் தெருவில் ஓர் அடுமனையில் பற்றிய தீ, காற்றின் போக்கில் மேற்கு நோக்கிப் பரவியது. ஏறத்தாழ 13,200 வீடுகள், 87 பங்கு ஆலயங்கள், வணிகர் மன்றங்கள், தூய பவுல் பேராலயம் ஆகிய அனைத்தையும் அது விழுங்கியது. மதிலுக்கு உள்ளிருந்த பழைய நகரத்தின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அந்தச் சாம்பலிலிருந்து எழுந்த நகரத்துடன் பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்ட பெயர் கிறிஸ்டோபர் ரென்.

ஆங்கிலக் கட்டடக் கலையின் வரலாற்றில் இவருக்கு இணையாக வைக்கப்படும் பெயர்கள் மிகச் சிலவே. இவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. மாமேதை ஒருவர் ஒரே வாரத்தில் ஒப்பற்ற நகரம் ஒன்றை வரைந்து தந்தார்; குறுகிய மனம் கொண்ட வணிகர்களும் வீட்டு உரிமையாளர்களும் அதைத் தடுத்துவிட்டனர்; அதனால் லண்டன் ஒரு பொன்னான வாய்ப்பை இழந்தது என்பதே அக்கதை. நான் இந்த வாழ்க்கையை வேறு விதமாக வாசிக்கிறேன். ரென்னின் பெருமை அவர் வரைந்த கனவு நகரத்தில் இல்லை. அந்தக் கனவு மறுக்கப்பட்ட பிறகு, கிடைத்த கோணல்மாணலான மனைகளில், பற்றாக்குறையான நிதியில், பிறருடைய விருப்பு வெறுப்புகளுக்கு நடுவே அவர் என்ன செய்தார் என்பதில்தான் இருக்கிறது.

போரின் நிழலில் ஒரு சிறுவன்

1632 அக்டோபர் 20 அன்று வில்ட்ஷயர் மாவட்டத்தின் ஈஸ்ட் நாயில் என்னும் சிற்றூரில் ரென் பிறந்தார். தந்தை அவ்வூரின் மதகுரு. சில ஆண்டுகளில் வின்ட்சர் ஆலயத்தின் தலைமைக் குருவாக உயர்ந்தவர். பெரியப்பா மேத்யூ ரென் ஆயர் பதவி வகித்தவர். அரசருக்கு அணுக்கமான இந்தக் குடும்பத்தின் மீது 1642-இல் வெடித்த உள்நாட்டுப் போர் இடியாக இறங்கியது. வின்ட்சரில் இருந்த வீடு சூறையாடப்பட்டது. பெரியப்பாவை லண்டன் கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். முடியாட்சி மீளும் காலம் வரை ஏறத்தாழ 18 ஆண்டுகள் அவர் அங்கேயே கிடந்தார். 1649-இல் அரசர் முதலாம் சார்லஸின் தலை கொய்யப்பட்டபோது ரென்னுக்கு வயது 16.

தாம் சார்ந்த தரப்பு தோற்றுப்போன நாட்டில் வளர்ந்த அந்த இளைஞர் அரசியலில் இறங்கவில்லை, அறிவியலுக்குள் சென்றார். அவருடைய அக்காவை மணந்த வில்லியம் ஹோல்டர் கணிதப் பற்றுடையவர். சிறுவனுக்கு வடிவியலை அறிமுகப்படுத்தியவர் அவரே. ஆக்ஸ்ஃபோர்டின் வாட்டம் கல்லூரியில் வெவ்வேறு அரசியல் சார்புடைய அறிஞர்கள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து சோதனைகள் செய்தனர். எதிரெதிர்த் தரப்பினரோடு சேர்ந்து வேலை செய்யும் பழக்கத்தை ரென் அங்கேதான் கற்றிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. பின்னாளில் ஐந்து முடியாட்சிகளின் கீழ் அவர் பணியாற்ற நேர்ந்தபோது அந்தப் பழக்கமே அவருக்குக் கைகொடுத்தது.

அவருடைய அறிவியல் பணிகளை ஒரு கட்டடக் கலைஞரின் இளமைக்கால விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. நாயின் இரத்தக் குழாய்க்குள் நேரடியாக மருந்தைச் செலுத்தும் சோதனையை 1656-இல் அவர் செய்து காட்டினார்; நரம்பு வழி மருந்து செலுத்தும் முறையின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று. தாமஸ் வில்லிஸ் 1664-இல் வெளியிட்ட மூளையின் உடற்கூறு பற்றிய நூலுக்குப் படங்கள் வரைந்தவர்களில் அவர் முதன்மையானவர். உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள ஒரு புள்ளி வரைகிற வளைகோட்டின் நீளத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். 25-ஆவது வயதை எட்டும் முன்பே லண்டன் கிரெஷாம் கல்லூரியில் வானியல் பேராசிரியரானார். 1661-இல் ஆக்ஸ்ஃபோர்டில் அதே துறையின் சாவிலியப் பேராசிரியர் பதவி வந்தது. 1660 நவம்பர் 28 அன்று கிரெஷாம் கல்லூரியில் அவருடைய விரிவுரை முடிந்தபின் கூடிப் பேசிய சிறு குழுவே ராயல் சொசைட்டியாக உருவெடுத்தது.

இன்னொரு நிகழ்ச்சியையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1684-இல் ரென், ராபர்ட் ஹூக், எட்மண்ட் ஹாலி மூவரும் கோள்களின் இயக்கம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் ஈர்ப்பு விசையிலிருந்து கோள்களின் பாதையைக் கணித முறையில் நிறுவிக் காட்டுபவருக்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள புத்தகம் ஒன்றைப் பரிசளிப்பதாக ரென் அறிவித்தார். குறித்த காலத்துக்குள் எவரும் விடை தரவில்லை. அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு ஹாலி கேம்பிரிட்ஜ் சென்று நியூட்டனைச் சந்தித்தார். 1687-இல் வெளிவந்த பிரின்சிபியாவின் தொடக்கம் அந்தச் சந்திப்புதான். தமக்கு விடை தெரியாத கேள்வியை ஊரறியப் பரிசோடு முன்வைத்த மனிதர் என்ற அளவிலேயே ரென் என் மதிப்பில் உயர்ந்து நிற்கிறார்.

கோட்பாட்டிலிருந்து கல்லுக்கு

கட்டடக் கலை அவரிடம் வந்தது முப்பது வயதை ஒட்டித்தான். முறையான பயிற்சி எதுவும் அவருக்கு இல்லை. அந்நாளைய இங்கிலாந்தில் அப்படியொரு பயிற்சிக்கூடமும் இல்லை. சிறையிலிருந்து விடுபட்ட பெரியப்பா கேம்பிரிட்ஜின் பெம்புரோக் கல்லூரிக்கு ஒரு சிற்றாலயம் கட்டித்தர முனைந்து அந்தப் பணியை அவரிடம் ஒப்படைத்தார். அடுத்து ஆக்ஸ்ஃபோர்டில் ஷெல்டோனியன் அரங்கு. ஏறத்தாழ 70 அடி அகலமுள்ள அந்தக் கூடத்தின் நடுவே தூண் நிறுத்தாமல் கூரை அமைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நீளமான ஒற்றை உத்தரம் எந்த மரத்திலும் கிடைக்காது. சிறு மரங்களைக் கணித முறைப்படி ஒன்றோடொன்று பிணைத்து, பளுவைப் பகிர்ந்தளிக்கும் சட்டமாக ஆக்கி அதை அவர் சாதித்தார்.

1665-இல், லண்டனில் பிளேக் நோய் பரவியிருந்த காலத்தில், பாரிஸ் சென்றார். அவர் வாழ்நாளில் மேற்கொண்டதாக நாம் அறிந்த ஒரே வெளிநாட்டுப் பயணம் அது. லூவர் அரண்மனைக்காக இத்தாலியக் கலைஞர் பெர்னினி வரைந்திருந்த படங்களை அங்கே சில நிமிடங்கள் மட்டும் பார்க்கக் கிடைத்தது. குவிமாடங்கள் நிமிர்ந்து நின்ற பாரிஸ், அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. ஊர் திரும்பியவர், சிதைந்துகொண்டிருந்த பழைய தூய பவுல் பேராலயத்துக்கு ஒரு குவிமாடம் அமைக்கலாம் என்று பரிந்துரைத்தார். அதற்காகக் குழு ஒன்று பேராலயத்தைப் பார்வையிட்ட நாள் 1666 ஆகஸ்ட் 27. ஆறு நாள்கள் கழித்துத் தீ மூண்டது.

வரைபடமும் மனைக் கற்களும்

தீ அணைந்த ஒரு வாரத்துக்குள், செப்டம்பர் 11 அளவில், நகரத்துக்கான புதிய திட்டம் ஒன்றை அரசர் இரண்டாம் சார்லஸிடம் ரென் அளித்தார். வளைந்து நெளிந்த சந்துகள் மறைந்து, நேரான அகன்ற சாலைகள். சாலைகள் கூடும் இடங்களில் வட்ட வெளிகள். வணிக மன்றத்தை மையமாகக் கொண்டு கதிர்போல் விரியும் தெருக்கள். தேம்ஸ் ஆற்றங்கரையில் நீண்ட படித்துறை. தாளில் பார்க்கையில் இன்றும் கண்ணைக் கவரும் திட்டம்தான். இரண்டு நாள்களில் ஜான் ஈவ்லினும் தம் பங்குக்கு ஒரு திட்டத்தைத் தந்தார். ஹூக்கும் ஒன்று வரைந்தார். எதுவும் நிறைவேறவில்லை.

ஏன் நிறைவேறவில்லை என்பதே இந்த வாழ்க்கைக் கதையின் மையம் என நினைக்கிறேன். எரிந்த நிலம் வெற்று நிலம் அன்று. ஒவ்வொரு மனைக்கும் உரிமையாளர் இருந்தார். அவருக்குக் கீழே குத்தகைதாரர், அவருக்கும் கீழே உள்குத்தகைதாரர் என்று உரிமைகள் அடுக்கடுக்காக இருந்தன. வீடு இழந்தவர்கள் மதிலுக்கு வெளியே திறந்தவெளிகளில் கூடாரம் அடித்துக் கிடந்தனர், குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அத்தனை மனைகளையும் அளந்து, விலை மதித்து, இழப்பீடு கொடுத்து, மறுபகிர்வு செய்யப் பணமும் இல்லை, காலமும் இல்லை. கருவூலமோ டச்சுப் போரினால் வற்றியிருந்தது. அகன்ற சாலைகள் வரும்வரை காத்திருங்கள் என்று கடையை இழந்தவரிடம் சொல்ல எந்த நியாயமும் இருக்கவில்லை.

ஆகவே நகரம் வேறு வழியில் சென்றது. அரசர் தரப்பில் மூவரும் நகராட்சித் தரப்பில் மூவருமாக அறுவர் குழு அமைந்தது. ரென் அரசர் தரப்பு. ஹூக் நகராட்சித் தரப்பு. 1667-இல் நிறைவேறிய மறுகட்டுமானச் சட்டம், வீடுகள் செங்கல்லாலோ கல்லாலோ மட்டுமே கட்டப்பட வேண்டும் என்றது; தெருவின் தரத்துக்கேற்ப வீடுகளை நான்கு வகையாகப் பிரித்து மாடிகளின் எண்ணிக்கையை வரையறுத்தது; சில தெருக்களை அகலமாக்கியது. எரிந்துபோன வீட்டுக்கும் வாடகை கொடுக்க வேண்டுமா, கட்டும் செலவு யாருடையது என்ற வழக்குகளைத் தீர்க்கத் தனி நீதிமன்றம் ஏற்பட்டது. நீதிபதிகள் ஊதியம் வாங்காமல் அமர்ந்தனர். ஒப்பந்தத்தின் எழுத்தை மட்டும் பார்க்காமல், யாரால் எவ்வளவு சுமக்க முடியும் என்று பார்த்து வாடகையைக் குறைத்தும் குத்தகைக் காலத்தை நீட்டியும் தீர்ப்பளித்தனர். ஹூக்கும் அவருடைய தோழர்களும் சாம்பலுக்குள் நடந்து, முளை அடித்து, கயிறு பிடித்து, ஒவ்வொரு மனையாக அளந்து கொடுத்தனர். சில ஆண்டுகளில் வீடுகளில் பெரும்பாலானவை எழுந்துவிட்டன.

இதைத் தோல்வி என்று என்னால் சொல்ல முடியவில்லை. தாளில் அழகாக இருந்த நகரம் கைவிடப்பட்டதால், மனிதர்கள் தங்கள் மனைக்கே திரும்பி வர முடிந்தது. பேரிடர் ஒன்று நகரத்தைத் தாக்கும்போதெல்லாம், எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக வரையலாம் என்ற ஆசை இன்றும் ஆட்சியாளருக்கும் வல்லுநருக்கும் எழுகிறது. அந்த ஆசைக்கு 1666-இன் லண்டன் சொன்ன விடையை நாம் மறந்துவிடக் கூடாது. ரென் அதை ஏற்றுக்கொண்டார் என்பதுதான் முக்கியம். கோபித்துக்கொண்டு விலகிப் போகாமல், கோணல் மனைகளின் நகரத்துக்கே தம் எஞ்சிய வாழ்நாளைக் கொடுத்தார்.

ஐம்பத்தோர் ஆலயங்கள்

1669-இல் அவர் அரசுக் கட்டுமானப் பணிகளின் தலைமைக் கண்காணிப்பாளரானார். எரிந்த 87 பங்கு ஆலயங்களில் 51 மட்டும் மீண்டும் கட்டப்படுவதென முடிவாயிற்று. இதற்கான பணம் நிலக்கரி வரியிலிருந்து வந்தது. லண்டன் துறைமுகத்துக்கு வரும் நிலக்கரி மீது 1667-இல் விதிக்கப்பட்ட வரி 1670-இல் மூன்று மடங்காக்கப்பட்டு, அதில் ஒரு பங்கு ஆலயங்களுக்கும் பேராலயத்துக்கும் ஒதுக்கப்பட்டது. குளிருக்குக் கணப்பு மூட்டிய ஒவ்வொரு குடும்பமும், ஏழைக் குடும்பங்கள் உட்பட, இந்தக் கோபுரங்களுக்குக் காசு கொடுத்திருக்கிறது. வானுயர்ந்த கட்டடத்தைப் போற்றும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை.

அந்த ஆலயங்களின் மனைகள் பெரும்பாலும் சதுரமும் அல்ல, செவ்வகமும் அல்ல. பக்கத்துச் சுவரோடு ஒட்டியவை, மூலை வெட்டுப்பட்டவை, தெருவோடு கோணம் தவறியவை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தீர்வு கண்டார் ரென். வால்புரூக்கின் தூய ஸ்டீபன் ஆலயத்தில் செவ்வக அறைக்குள் பதினாறு தூண்களை நிறுத்தி அவற்றின் நடுவே ஒரு குவிமாடத்தை மிதக்கவிட்டார். ஃபிளீட் தெருவின் தூய பிரைடு ஆலயத்தில் எண்கோண அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறுத்துச் செல்லுமாறு அமைத்துக் கோபுரம் எழுப்பினார். தெருவில் நடப்பவருக்கு ஆலயத்தின் உடல் கண்ணில் படாது. கட்டடங்கள் நெருக்கும் அந்நகரில் வானத்தில்தான் இடம் காலியாக இருந்தது. அதைக் கண்டு அங்கே வரைந்தார் அவர்.

ஆலயம் எதற்கு என்பதிலும் அவருக்குத் தெளிவான எண்ணம் இருந்தது. சீர்திருத்தத் திருச்சபையின் வழிபாட்டில் மறையுரை மையமானது. எனவே வந்தவர் அனைவர் காதிலும் அது விழ வேண்டும். சராசரிக் குரல் பேசுபவருக்கு முன்னால் 50 அடியும், பக்கங்களில் 30 அடியும், பின்னால் 20 அடியும் மட்டுமே தெளிவாகச் சென்றடையும் என்று முதுமையில் எழுதிய குறிப்பொன்றில் கணக்கிட்டார். இரண்டாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் ஆலயம் பயனற்றது என்பது அவர் முடிவு. ஆலயத்துக்குள் பிணம் புதைப்பதை நிறுத்தி, ஊருக்கு வெளியே கல்லறைத் தோட்டங்கள் அமைக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார். மக்களின் செவியையும் உடல்நலத்தையும் அளவுகோலாக வைத்துக் கட்டியவர் என்று இதனால்தான் அவரைச் சொல்லத் தோன்றுகிறது.

பேராலயத்தின் நீண்ட வழக்கு

பழைய தூய பவுல் பேராலயத்தின் எரிந்த சுவர்களை இடிப்பதே பெரும் வேலையாக இருந்தது. முதலில் வெடிமருந்து வைத்துத் தகர்த்தனர். ஒருமுறை கல் ஒன்று பறந்து அண்டை வீட்டுக்குள் விழுந்ததும், அக்கம்பக்கத்தார் அஞ்சி முறையிட்டனர். வெடிமருந்து கைவிடப்பட்டு, முப்பது ஆட்கள் சேர்ந்து ஆட்டி இடிக்கும் நீண்ட மரத் தாக்குதூணைப் பயன்படுத்தினார்கள்.

புதிய பேராலயத்துக்கு அவர் அளித்த முதல் திட்டங்கள் ஏற்கப்படவில்லை. அவர் நெஞ்சுக்கு மிக நெருக்கமான திட்டத்தை 1673, 1674-இல் கருங்காலி போலப் பளபளக்காத எளிய ஓக் மரத்தில் மாதிரியாகச் செய்வித்தார். ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளம். உள்ளே நின்று பார்க்கும் அளவு பெரியது. ஒரு நல்ல வீடு கட்டும் பணம் அதற்குச் செலவாயிற்று. குருமார்கள் அதை மறுத்துவிட்டனர். நீண்ட நடுக்கூடம் இல்லாத ஆலயம் மரபுக்கு ஒவ்வாது என்பது ஒரு காரணம். முழுவதையும் ஒரே மூச்சில் கட்டி முடித்தாலன்றிப் பயன்படுத்த முடியாது என்பது இன்னொன்று. அன்று ரென் கண்ணீர் விட்டார் என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அந்த மாதிரி இன்றும் பேராலயத்தில் பாதுகாக்கப்படுகிறது.

1675 மே மாதம் அரசரின் ஒப்புதல் பெற்ற திட்டம், நடுவே ஒரு விந்தையான ஊசிக்கோபுரத்தைக் கொண்ட, அரைமனதோடு வரையப்பட்ட திட்டமாகவே தெரிகிறது. ஆனால் அலங்கார மாற்றங்களைத் தேவைக்கேற்பச் செய்துகொள்ளலாம் என்று அரசர் அவருக்கு இடம் கொடுத்திருந்தார். அந்தச் சிறு வாசலின் வழியே ரென் முழுப் பேராலயத்தையும் கொண்டுவந்தார். அதன்பிறகு மாதிரிகளைப் பொதுவில் காட்டுவதையே அவர் தவிர்த்தார். பக்கச் சுவர்களின் மேல்பாதி வெறும் திரைச் சுவர். உள்ளே இருக்கும் தாங்குவளைவுகளை மறைக்க எழுப்பியது. இதைப் பொய் என்று 19-ஆம் நூற்றாண்டின் கோதிக் மீட்பர்கள் கண்டித்தனர். என்னைத் தைப்பது வேறொன்று. பொதுப் பணத்தில் எழும் கட்டடத்தின் வடிவத்தைப் பொதுமக்களின் கண்ணிலிருந்து மறைத்துத்தான் காப்பாற்ற முடிந்தது என்பது, விளைவு எவ்வளவு அழகாக இருந்தபோதிலும், பின்பற்றத்தக்க முன்மாதிரி ஆகாது.

1675 ஜூன் 21 அன்று அடிக்கல் நடப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் அவருடைய மனைவி ஃபெய்த் பெரியம்மை கண்டு இறந்தார். அவர்களுடைய முதல் மகன் குழந்தைப் பருவத்திலேயே மறைந்திருந்தான். இரண்டாவது மகனோ கைக்குழந்தை. இரண்டாவது மனைவி ஜேனும் மணமாகி நான்காண்டு நிறையும் முன்பே, 1680-இல் இறந்தார். அவர் வழிப் பிறந்த மகன் வில்லியம் வளர்ச்சிக் குறைபாட்டோடு பிறந்தவர். இசையில் தேர்ந்த மகள் ஜேன் 1702-இல் காலமாகி, இன்னும் கட்டி முடியாத அந்தப் பேராலயத்தின் நிலவறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். கட்டுமானக் கணக்குப் புத்தகங்கள் இந்த மரணங்களைப் பதிவு செய்யவில்லை. சாரத்தில் வேலை நிற்கவில்லை.

1697 டிசம்பர் 2 அன்று பேராலயத்தில் முதல் வழிபாடு நடந்தது. அதே ஆண்டில் நாடாளுமன்றம், வேலை தாமதமாகிறது என்று சொல்லி, அவருக்கு ஆண்டுக்கு 200 பவுண்டாக இருந்த ஊதியத்தில் பாதியைப் பணி முடியும்வரை நிறுத்திவைத்தது. 65 வயதில் இது அவருக்குக் கிடைத்த பரிசு. 1711-இல் பேராலயம் முடிந்ததாக அறிவிக்கப்பட்ட பிறகே நிலுவை வந்து சேர்ந்தது.

இதற்கிடையில் குவிமாடம் எழுந்தது. வெளியிலிருந்து பார்க்கும் மாடம் வேறு, உள்ளிருந்து அண்ணாந்து பார்க்கும் மாடம் வேறு. நகரத்தின் மீது ஓங்கி நிற்க வெளி மாடம் உயர்ந்திருக்க வேண்டும். உள்ளிருப்பவர் கண்ணுக்கு இணக்கமாக உள் மாடம் தாழ்ந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே யார் கண்ணிலும் படாத செங்கல் கூம்பு ஒன்றை அவர் எழுப்பினார். உச்சியிலுள்ள கனத்த கல்விளக்கு மாடத்தைத் தாங்குவது அந்தக் கூம்புதான். வெளி மாடம் ஈயத் தகடு போர்த்திய மரச்சட்டம். அடிப்பகுதி விரிந்துவிடாமல் இரும்புச் சங்கிலி சுற்றிக் கட்டப்பட்டது. தொங்கும் சங்கிலியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் கிடைக்கும் வளைவே உறுதியான வளைவு என்ற ஹூக்கின் கருத்து இதன் பின்னணியில் இருக்கிறது. 1708-இல் விளக்கு மாடத்தின் கடைசிக் கல்லை ரென்னின் மகன் கிறிஸ்டோபர் வைத்தார். தரையிலிருந்து சிலுவை முனை வரை 365 அடி.

குறையும் இல்லாமல் இல்லை. குவிமாடத்தைச் சுமக்கும் தூண்களின் உட்பகுதி உடைகற்களால் நிரப்பப்பட்டிருந்தது. பளு தாளாமல் விரிசல் கண்டு, 1925 முதல் 1930 வரை குவிமாடப் பகுதியை மூடி, சிமென்ட் குழம்பைச் செலுத்தி வலுப்படுத்த வேண்டியதாயிற்று.

ஒருவர் பெயரில் பலர்

ரென்னைப் போற்றுவோர் பலர் அவரைத் தனி ஒருவராக நிறுத்திவிடுகின்றனர். உண்மையில் அவருடைய அலுவலகம் ஒரு பட்டறை. பங்கு ஆலயங்கள் பலவற்றில் ஹூக்கின் கை உண்டு. 202 அடி உயரத் தீ நினைவுத் தூண் இருவரின் கூட்டுப் படைப்பு. நிக்கோலஸ் ஹாக்ஸ்மூர் இளைஞராக அங்கே சேர்ந்து, பின்னாளில் தனிப்பெரும் கலைஞரானார். கிரின்லிங் கிப்பன்ஸ் மரத்தில் இலையையும் கனியையும் செதுக்கினார். பிரான்ஸிலிருந்து வந்த ழான் திஜூ இரும்பைக் கொடியாக வளைத்தார். அடிக்கல் காலத்தில் தாமஸ் ஸ்ட்ராங் என்ற கல்தச்சர் ஒப்பந்தக்காரராக இருந்தார்; அவர் இறந்தபின் தம்பி எட்வர்ட் ஸ்ட்ராங் பணியைத் தொடர்ந்து குவிமாடத்தின் உச்சிவரை கொண்டுசென்றார். இவர்களை நம்பி வேலையை ஒப்படைத்து, முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரே நோக்கில் கட்டிக்காத்ததும் ஒரு மேதைமைதான்.

கிரீனிச் வானாய்வகத்தைக் கட்ட அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 500 பவுண்டு. அதுவும் கெட்டுப்போன வெடிமருந்தை விற்றுச் சேர்த்த பணம். பழைய செங்கல்லையும் மரத்தையும் கொண்டு 1675, 1676-இல் அதைக் கட்டி முடித்தார். உலகத்தின் நேரத்தை அளக்கும் கோடு பிற்காலத்தில் அந்த வளாகத்தின் வழியாகவே வரையப்பட்டது. ஓய்வுபெற்ற படைவீரர்களுக்காகச் செல்சியில் ஒரு இல்லம், கடற்படையினருக்காகக் கிரீனிச்சில் இன்னொன்று, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகம் என்று அவருடைய பட்டியல் நீள்கிறது. கிரீனிச் இல்லத்துக்கு அவர் ஊதியம் வாங்கவில்லை.

பதவி பறிப்பும் பிந்தைய புகழும்

49 ஆண்டுகள் தலைமைக் கண்காணிப்பாளராக இருந்தவரை, 1718-இல், 85-ஆவது வயதில், பதவியிலிருந்து நீக்கினார்கள். ஆட்சி மாறியிருந்தது, கலை ரசனையும் மாறியிருந்தது. அந்த இடத்தில் அமர்த்தப்பட்ட வில்லியம் பென்சன் அரசியல் செல்வாக்கு மட்டுமே கொண்டவர். பிரபுக்கள் அவைக் கட்டடம் இடிந்துவிழப் போகிறது என்று பொய்யாகப் பீதி கிளப்பி, மறு ஆண்டே அவரும் நீக்கப்பட்டார். பேராலயத்தின் மேல்விளிம்பில் ரென் வேண்டாம் என்று சொன்ன கைப்பிடிச் சுவரை அதிகாரிகள் கட்டியே தீர்த்தனர். அவர் எதிர்ப்பை எழுதி வைத்தார், பிறகு அமைதியானார். 1723 பிப்ரவரி 25 அன்று, 90 வயதில், இறந்தார். பேராலயத்தின் நிலவறையில் எளிய கருங்கல் பலகை ஒன்றின் கீழ் அவர் உடல் இருக்கிறது. நினைவுச் சின்னம் தேடுவோர் தம்மைச் சுற்றிலும் பார்த்துக்கொள்ளட்டும் என்ற பொருளில் மகன் எழுதிய லத்தீன் வாசகம் அருகில் இருக்கிறது.

ஆனால் சுற்றிலும் இருந்தவை எல்லாம் நிலைக்கவில்லை. நகருக்குள் குடியிருப்போர் குறைந்தபோது, 19-ஆம் நூற்றாண்டில், சட்டத்தின் துணையோடு அவருடைய ஆலயங்கள் பல இடிக்கப்பட்டு மனைகள் விற்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரின் குண்டுகள் மேலும் பலவற்றைச் சிதைத்தன. 1940 டிசம்பர் 29 இரவு, சுற்றிலும் நகரம் எரிய, பேராலயம் மட்டும் தப்பி நின்றது. தன்னார்வலர்கள் கூரைமீது விடிய விடியக் காவல் இருந்து தீக்குண்டுகளை அணைத்ததே அதற்குக் காரணம். குண்டுவீச்சில் உள்ளீடற்றுப்போன தூய மேரி ஆல்டர்மன்பரி ஆலயத்தின் கற்கள் 1960-களில் கடல் கடந்து, அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஃபுல்டன் நகரில் மீண்டும் அடுக்கப்பட்டன.

அவருடைய வழிமரபின் ஒரு கிளை சென்னைக்கும் வந்து சேர்ந்தது. ரென் கட்டிய தூய கிளெமென்ட் டேன்ஸ் ஆலயத்துக்குக் கோபுரம் அமைத்தவர் ஜேம்ஸ் கிப்ஸ். அந்த கிப்ஸ் லண்டனில் கட்டிய தூய மார்ட்டின் ஆலயத்தை முன்மாதிரியாகக் கொண்டதே எழும்பூரில் 1821-இல் திறக்கப்பட்ட தூய அந்திரேயா ஆலயம். வடிவம் லண்டனிலிருந்து வந்தது. ஆனால் சதுப்பான அந்நிலத்தில் கட்டடத்தைத் தாங்கி நிற்பது இந்நாட்டுக் கைவினைஞர்கள் அறிந்திருந்த கிணற்று அடித்தளம்.

ரென்னை நான் மதிப்பது அவர் வென்ற இடங்களுக்காக மட்டுமல்ல. நகரத் திட்டம் மறுக்கப்பட்டது, நெஞ்சுக்கு உகந்த மாதிரி மறுக்கப்பட்டது, ஊதியம் பாதியாயிற்று, பதவி பறிபோயிற்று. ஒவ்வொரு மறுப்புக்குப் பிறகும் எஞ்சியதை வைத்து அவர் அடுத்த கல்லை வைத்தார். மறுத்தவர்கள் எல்லோரும் மூடர்களும் அல்லர். சிலருடைய மறுப்பில் குடிமக்களின் நியாயம் இருந்தது. தனி ஒருவரின் கனவுக்கும் பலருடைய உரிமைக்கும் இடையே நடந்த அந்த நீண்ட இழுபறியில் பிறந்ததுதான் இன்றைய லண்டனின் பழைய மையம். கோணலான அந்தத் தெருக்களும் அவற்றுக்கு மேலே எழும் குவிமாடமும் ஒன்றையொன்று தோற்கடிக்காமல் முந்நூறு ஆண்டுகளாகச் சேர்ந்தே நிற்கின்றன. ஒரு நகரத்தை மீட்டெடுக்க முனையும் எவரும் முதலில் கற்க வேண்டிய பாடம் அதுவே.